பெரிய வீட்டில் தாளிக்காத நாட்கள்

எழுபதைத் தொட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அம்மை குத்திய தழும்பு கையில் இருக்கிறவர்களுக்குத்தான் நான் சொல்வது முழுதாகப் புரியும். சட்டைக் கையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே படிக்கலாம்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஆரணியில் பட்டு எடுக்க வருகிறவன் எவனும் என் கடையைத் தாண்டிப் போக முடியாது. தறியில் உட்கார்ந்தேன், சொந்தமாகத் தறி போட்டேன், பிறகு ஊருக்கே நெய்யக் கொடுத்தேன். எவன் கையையும் பிடித்துக்கொண்டு ஏறவில்லை. படித்தவர்கள் என்னிடம் கையெழுத்துக்கு நிற்கிறார்கள். என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஆனால் செல்லும்.

எங்கள் தெருவில் பெரிய வீடு என்று ஒரு வீடு உண்டு. எத்தனை வீடு பெரிதாக வந்தாலும் பெயர் அதற்குத்தான். அந்த வீட்டுக்கு நேர் எதிரே மனை வாங்கி, அதைவிட ஒரு மாடி கூடுதலாகக் கட்டினேன். என்ஜினியர் பையன், மூன்றாவது மாடியில் யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்டான். கட்டு என்றேன். காரணம் சொல்லவில்லை. அந்த மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பெரிய வீட்டின் முற்றம், கிணறு, புழக்கடைச் சுவர் எல்லாம் உள்ளங்கை மாதிரி தெரியும். அதற்காகத்தான் கட்டினேன்.

கொரோனா என்று ஊரைப் பூட்டினார்களே, அந்தக் கோடையில்தான் நான் அந்த நாற்காலியை முழுசாக அனுபவித்தேன். சொன்னால் அடிக்க வருவீர்கள், ஆனால் உண்மை: எனக்கு அந்தக் கோடை பிடித்திருந்தது. வாழ்நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தவன் ஒரு இடத்தில் உட்கார்ந்தேன். பஸ் சத்தம் இல்லை. ரைஸ் மில் ஓடாததால் காற்றில் உமித்தூசி இல்லை. மூன்றாவது மாடியில் வெள்ளை வேட்டி சாயங்காலம்வரை வெள்ளையாகவே இருந்தது. ஓலைப் பந்தல் ஒன்று போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரி வடகம் பிழிந்து காய வைப்பாள். நானும் என் தங்கையும் தரையில் சாக்கட்டியால் கட்டம் கிழித்துத் தாயம் ஆடுவோம்.

தங்கை என்னோடுதான் இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு இடது கண் கிடையாது; இருக்கிறது, ஆனால் பாலாடை படிந்த மாதிரி வெள்ளையாக. வலது பக்கம் உட்கார்ந்தால்தான் அவளோடு ஆட முடியும். இடது பக்கம் உட்கார்ந்தால், காயைத் திருடுகிறாய் என்று சண்டைக்கு வருவாள். நான் திருடுவதும் உண்டு.

அந்தக் கண் போன கோடையைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஏழு. இதே தெருவின் கோடியில் ஓட்டு வீடு எங்களுடையது. பெரிய வீட்டு முதலாளி பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் பூட்டுகிற பட்டு நூல், கொடுப்பார், எங்கள் நைனா நெய்து கொடுப்பார். குழித்தறி. விடிந்ததும் நைனா குழிக்குள் காலை இறக்கினால் பொழுது சாய்ந்துதான் ஏறுவார். நான் பகலில் நைனாவை இடுப்புக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன்.

தங்கை பகலில் பெரிய வீட்டுக்குத் தார் சுற்றப் போவாள். ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தருகிற வேலை. அந்த வருஷம் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்றுக்கு முகூர்த்தப் புடவைகள் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் மட்டும் ஐந்து தறி, ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானச் சோறு தங்கைக்கு அங்கேயே. பெரிய வீட்டுக் குழம்பு என்றால் அவளுக்கு உயிர். வீட்டுக்கு வந்து, இன்றைக்கு என்ன குழம்பு, எத்தனை கடுகு வாயில் வெடித்தது என்பதுவரை சொல்லி எங்களை வயிறெரிய வைப்பாள்.

ஒருநாள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஒரு வாரமா கொழம்பு நல்லாவே இல்ல. தாளிக்கவே மாட்றாங்க. கடுகும் இல்ல, ஒண்ணும் இல்ல. சப்புனு கீது" என்றாள்.

அம்மா சிரித்தாள். "காசு இருக்கறவங்க வூட்லதான் கடுகுக்குக் கணக்கு பாப்பாங்க" என்றாள். நைனாவும் தறிக்குழியிலிருந்து சிரித்தார். அவ்வளவுதான் பேச்சு.

நம் வயதுக்காரர்களுக்கு இதற்குள் பொறி தட்டியிருக்கும். அம்மை இறங்கின வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெய்ப் புகையும் கடுகு வெடிக்கிற சத்தமும் ஆத்தாவுக்கு ஆகாது. தறி தட்ட மாட்டார்கள், கத்தி கத்தரிக்கோல் தொட மாட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு, வெளியாட்களை நிறுத்திவிடுவார்கள். வேப்பிலை என்பது சாமி காரியம் மட்டுமல்ல. உள்ளே வராதே என்று மற்றவனுக்குச் சொல்கிற போர்டு. பெரிய வீட்டில் முதலாளியின் மகனுக்கு, என் வயதுப் பையனுக்கு, முத்துப் போட்டிருந்தது. பையனை மாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வேப்பிலை கட்டினால் ஐந்து தறியும் நிற்கும், கல்யாணப் புடவை கை மாறிப் போகும். அதனால் வாசலில் ஒன்றும் கட்டவில்லை. தறியையும் நிறுத்தவில்லை. ஆனால் ஆத்தாமேல் பயம் இருக்கிறதல்லவா, அதனால் அடுப்பங்கரையில் மட்டும் தாளிப்பை நிறுத்திவிட்டார்கள். தெருவை ஏமாற்றலாம், ஆத்தாவை ஏமாற்றக் கூடாது என்ற கணக்கு. தார் சுற்ற வருகிற ஏழு வயதுப் பெண் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் தங்கைக்குக் காய்ச்சல் அடித்தது. முகத்தில் முதல் முத்தைப் பார்த்ததும் அம்மா ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. வேப்பங்கொத்தை ஒடித்து வந்து நிலைப்படியில் குறுக்கே கட்டினாள். நைனா தறியை நிறுத்தினார். அம்மா குள்ளம். அவசரத்தில் தன் நெஞ்சு உயரத்திலேயே கட்டியதால் நாங்கள் எல்லோரும் குனிந்துதான் போய் வந்தோம். நிமிர்ந்தால் கசப்பு இலை நெற்றியில் அடிக்கும்.

அந்த முதல் பத்து நாளைப் பற்றிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. தங்கை வேப்பிலைமேல் படுத்துக் கிடக்கிறாள். நான் சந்தோஷமாக இருந்தேன். நைனாவின் கால்களைப் பட்டப்பகலில் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். சுவரில் சாய்ந்து இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். வெயில் படாத கால், முட்டிக்குக் கீழே வெளுத்து, யாரோ வேறு ஆளிடமிருந்து வாங்கி மாட்டினது போல இருந்தது. அவர் கட்டம் கிழித்துத் தந்தார். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துத் தாயம் உருட்டக் கொடுத்தார். தறியில் ஊடை நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடுகிற தன் நாடாவை, அந்தப் பளபளவென்ற மர நாடாவை, தண்ணீர்த் தொட்டியில் படகாக விடச் சொல்லிக் கொடுத்தார். பட்டு நூலோடு ஓடி ஓடி வழவழத்துப் போயிருந்த நாடா, தண்ணீரில் ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தது. தங்கை படுத்தபடியே தலையைத் திருப்பி, இந்தப் பக்கம் வுடு, இந்தப் பக்கம் வுடு என்பாள். அப்போது அவளுக்கு இரண்டு கண்ணும் இருந்தது. அம்மா மோர் கரைத்துத் தருவாள், இளநீர் வெட்டக் கூடாது என்பதால் குத்தித் துளை போடுவாள். தாளிக்காத குழம்பு எங்கள் வீட்டிலும்தான். சப்பென்று இருக்கும். ஆனால் நைனா பக்கத்தில் உட்கார்ந்து பகலில் சாப்பிட்டார்.

தெருவில் பெரிய வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பிறகு தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்கு அம்மை பரவியது. ஒரு காலையில் பிள்ளையார் கோயில் முன்னால் ஆண்கள் கூடினார்கள். அந்தக் கோயில் பெரிய வீட்டை ஒட்டியே இருக்கிறது. நைனாவைக் கூப்பிட்டு தூரமாக நிற்கச் சொன்னார்கள். நானும் பின்னாலேயே போனேன். முதலாளிதான் பேசினார். குரலை உயர்த்தமாட்டார், அது அவர் வழக்கம்.

"ஆத்தா எந்த வூட்டு வழியா தெருவுக்குள்ள வந்தா? வேப்பிலை கட்டின வூட்டு வழியாத்தானே. மொதல்ல எந்த வூட்ல கட்டினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நைனா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எனக்குள் அப்போதுதான் தங்கை சொன்னது வந்து விழுந்தது. நான் முன்னால் போய்ச் சொன்னேன்: "மொதலாளி வூட்லதான் மொதல்ல. எந்தங்கச்சி சொன்னா. அவங்க வூட்ல தாளிக்கவே இல்ல."

கூட்டம் அப்படியே நின்றது. அங்கே இருந்த ஒவ்வொருவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும். இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒருவன் பெரிய வீட்டு மாடிக் கதவைத் தட்டியிருந்தால் போதும்.

அடி விழுந்தது. நைனாவின் கை. அதுவரை என்னை அவர் தொட்டதில்லை. இடது காது 'ங்' என்று அடைத்துக்கொண்டது. முதலாளி சிரித்தபடி, "வுடுப்பா, சின்னப் பையன். பசிக்கிற வயிறு எங்க தாளிக்கிறாங்கன்னுதான் மோப்பம் புடிச்சிகினு இருக்கும்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை ஒரு எழுத்து குறையாமல் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே எங்கள் வாசலில் கருவேல முள்ளைக் கொண்டுவந்து போட்டார்கள். மறுநாள் முதலாளியின் ஆள், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான். அம்மை வீட்டுப் பட்டு மணப்பெண் உடம்புக்கு ஆகாதாம். தறியில் இருக்கிற பாவு நூலை அறுத்துவிடச் சொன்னார்களாம். கையில் கத்தரிக்கோல். அம்மா குறுக்கே நின்றாள். அம்மை வீட்டில் இரும்பு எடுக்காதே, உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாள். அவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அறுத்தான். முந்தி நெய்ய இரண்டு முழம்தான் பாக்கி. நூல் ஒவ்வொன்றாக அறுகிற சத்தம், மழை ஆரம்பிக்கிற சத்தம் மாதிரி இருக்கும். நைனா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கால்கள் நீட்டினபடியே இருந்தன.

அம்மை தணிந்து, தலைக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றினபோது தங்கைக்கு ஒரு கண் திறக்கவில்லை. திறந்தபோது வெள்ளையாக இருந்தது.

அந்தத் தெருவில் இனி பாவு கிடைக்காது என்று ஆனபிறகு முள்ளிப்பட்டுக்குக் கிளம்பினோம். அங்கே வேறொருவர் பாவு கொடுப்பதாகச் சொன்னார். மாட்டு வண்டியில் தறிச் சாமான் ஏற்றினோம். நாடாவை மட்டும் காணோம்; தொட்டியிலேயே விட்டுவிட்டேனோ என்னவோ, இன்றுவரை கனவில் தேடுகிறேன். வண்டி பெரிய வீட்டைத் தாண்டும்போது மாடி ஜன்னலில் அந்தப் பையன் நின்றான். மூஞ்சி முழுக்க வடு. வேர்க்குரு வெடித்துவிட்டது என்று அவர்கள் வீட்டில் சொல்லிக்கொண்டார்களாம். தெரு அதையும் நம்பியது.

ஊர் எல்லை தாண்டினபிறகு நைனா என் பக்கம் திரும்பாமல் பேசினார். "தாளிக்கலன்னு எனக்கும் தெரியும்டா. சொல்ற எடத்துல நாம இல்ல."

நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. சொல்கிற இடத்துக்குப் போகவேண்டியிருந்தது. அதற்கு நாற்பது வருஷம் பிடித்தது.

முதலாளி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஜன்னல் பையன்தான் இப்போது பெரிய வீட்டுக்காரர். என் வயது. வடு இன்னும் இருக்கிறது. நான் கிரகப்பிரவேசம் செய்தபோது வந்து, "வாழ்த்துகள் மொதலாளி" என்றார். என்னைத்தான். அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். ஆனாலும் அது போதவில்லை.

இனி ஊர் பூட்டியிருந்த கோடைக்கு வருகிறேன். ஒரு மத்தியானம், தெருவே தூங்கும் நேரத்தில், மோட்டார் சைக்கிளில் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெரிய வீட்டுக்குள் போனான். பேரன். மெட்ராஸில் வேலை. நான் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து நுங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து, அந்த வீட்டுப் புழக்கடையில் வேளைக்கு ஒரு வாழையிலை விழ ஆரம்பித்தது. ஒரே ஒரு இலை. அந்த வீட்டில் எல்லோரும் தட்டில் சாப்பிடுகிறவர்கள். யாரோ ஒருவன் மட்டும் தனியாகச் சாப்பிடுகிறான், அவன் எச்சில் தட்டை மற்றவர்கள் தொடப் பயப்படுகிறார்கள். வெளியே தெரிய விடவில்லை. பாத்திரம் தேய்க்கிற பெண் தினமும் பின்வாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

மூன்று நாள் அந்த இலையை எண்ணினேன். மனசுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. அறுபது வருஷம் கழித்து அதே வீடு, அதே வேலை. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். வலது கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அந்தப் பாத்திரம் தேய்க்கற பொண்ணு பாவம். அதுக்கு வந்தா, அதாலதான் தெருவுக்கே வந்துச்சும்பாங்க" என்றாள். நகராட்சிக்கு போன் போட்டால் பத்து நிமிஷத்தில் வாசலை மறித்துத் தகரம் அடித்துவிடுவார்கள். நான் போன் போட்டது பெரிய வீட்டுக்காரருக்கு.

"இன்னா மொதலாளி, இந்த வெயில்ல?"

"பேரன் வந்துகிறானா?"

"யாரு சொன்னது? வரலயே."

"வேளைக்கு ஒரு எலை வுழுதே. யாருக்கு?"

குரலைத் தாழ்த்திச் சளிதான் என்றார், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார், தகரம் அடித்துவிட்டால் தெருவில் தலை காட்ட முடியாது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

"என் தங்கச்சிக்கும் தெரியாது" என்றேன்.

அவரிடம் 'நீங்க' போய் 'நீ' வந்தது. "நா அப்ப பத்து வயசுப் பையன். மேல பூட்டி வெச்சிருந்தாங்க. நீ கோயிலாண்ட அடி வாங்கினது எனக்குக் கேட்டுச்சி. நா இன்னா பண்ண முடியும், சொல்லு."

"நானும் பத்து வயசுதான். நா சொன்னேன்."

பிறகு மூன்று காரியம் சொன்னேன். அந்தப் பெண்ணை இன்றோடு நிறுத்தி, ஏன் என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரிக்கு நீயே தகவல் கொடுக்கவேண்டும். நாளைக் காலை பால் வண்டி வந்து தெருவே வாசலில் நிற்கும்போது, உன் கையால் நிலைப்படியில் வேப்பிலை கட்டவேண்டும். "கொரோனாவுக்கு எவன்யா வூட்டு நெலையில வேப்பிலை கட்றான்?" என்றார். இது கொரோனாவுக்கு இல்லை என்றேன். போனை வைத்தேன்.

கட்டமாட்டார் என்றுதான் நினைத்தேன். கட்டாவிட்டால் நகராட்சி நம்பர் தயாராக இருந்தது. உண்மையைச் சொன்னால், கட்டக் கூடாது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன்.

காலையில் பால் வண்டி மணி அடித்தது. எல்லோரும் முகமூடியோடு பாத்திரம் ஏந்தி நின்றார்கள். பெரிய வீட்டுக் கதவு திறந்தது. அவர் வேட்டியை மடித்துக்கட்டி, ஸ்டூல் போட்டு ஏறினார். கையில் வேப்பங்கொத்து. ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. ஊரடங்கு ஆரம்பத்தில் எல்லோரும் சேர்ந்து தெருவுக்குக் குறுக்கே கட்டின வேப்பிலைத் தோரணம் காய்ந்து சருகாகித் தொங்கிக்கொண்டிருந்தது; அது தெருவுக்கு. ஒரு வீட்டு நிலைப்படியில் பச்சைக் கொத்து என்றால் என்ன என்று, அங்கே நின்ற கிழடுகட்டைகளுக்குத் தெரியும். பால்காரன் அளப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

நிலையின் உச்சியில் கட்டி முடித்துத் திரும்பி, மூன்றாவது மாடியைப் பார்த்தார். "போதுமா?" என்றார். கேட்கும்படி.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து தங்கை சொன்னாள்: "எனக்கு ஒரு கண்ணுதானே, அவ்ளோ ஒசரத்துல இருந்தா தெரியமாட்டுது. எங்கம்மா கட்டின ஒசரத்துக்கு எறக்கிக் கட்டச் சொல்லு."

சொன்னேன்.

பேரன் பிழைத்துக்கொண்டான், இப்போது நன்றாக இருக்கிறான். அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் வரவில்லை. தகரத்தை மத்தியானம் நகராட்சிக்காரர்கள் வந்து அடித்தார்கள். அது சர்க்கார் வேலை, எனக்கு அதில் பங்கில்லை. என் பங்கு காலையிலேயே முடிந்துவிட்டது. தங்கை கேட்டபடி அவர் ஸ்டூலில் மறுபடி ஏறி, முடிச்சை அவிழ்த்து, கீழே இறங்கி நின்று, நெஞ்சு உயரத்தில் குறுக்கே கட்டினார். பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டார். அந்த வீட்டு ஆண்கள் எல்லோருமே நல்ல உயரம். அவர் குனிந்து உள்ளே போனார்.